நல்லெண்ணமும் உளநலமும்: அபூ ஸைத் அல்-பல்கீயின் நூலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

'நேர்மறைச் சிந்தனை' என்னும் தொடர் தமிழில் வழக்குக்கு வந்து நீண்ட காலம் ஆகிவிடவில்லை. எனினும் அது புத்தகக் கடைகளையும் பயிற்சிப் பட்டறைகளையும் கடந்து ஜும்ஆ மிம்பர் வரை வந்து சேர்ந்துவிட்டது. இதன் அண்மைக்கால ஊற்று அமெரிக்காவில் இருக்கிறது. டேல் கார்னகி 1948இல் கவலையை விட்டொழிப்பது குறித்து எழுதிய நூலும், நார்மன் வின்சென்ட் பீல் என்னும் கிறிஸ்தவப் போதகர் 1952இல் வெளியிட்ட நூலும் உலக மொழிகள் பலவற்றில் பரவின. எகிப்திய அறிஞர் ஷெய்க் முஹம்மத் அல்-கஸ்ஸாலி (1917-1996) கார்னகியின் கருத்துகளை இஸ்லாமிய மூலாதாரங்களோடு ஒப்புநோக்கி 'ஜத்தித் ஹயாதக்க' என்ற நூலை எழுதினார். ஆயித் அல்-கர்னீயின் 'லா தஹ்ஸன்' அதே பாதையில் பின்னர் வந்தது. தமிழில் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' பெற்ற வரவேற்பை நாம் அறிவோம்.

இந்நூல்கள் பலருக்குப் பயன் அளித்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவற்றின் வழியாக நம் சமூகத்தில் இரு பிழையான கருத்துகள் ஓசையின்றி நிலைபெற்று வருகின்றன. நம்பிக்கையுள்ளவர் துயரப்படலாகாது என்பது ஒன்று. மனச்சோர்வுக்கு உள்ளானவர் ஈமானில் பலவீனமானவர் என்பது மற்றொன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் 'அழாதே, அழுவது தக்தீரை மறுப்பது' என்று சொல்லப்படுவதையும், மாதக்கணக்கில் உறக்கமும் உணவும் இழந்து வாடும் இளைஞனிடம் 'தொழுகையை ஒழுங்காகத் தொழு, எல்லாம் சரியாகிவிடும்' என்பதோடு பேச்சு முடிக்கப்படுவதையும் நாம் கண்டும் கேட்டும் இருக்கின்றோம். இவை மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுவதனால், நம் மரபு உண்மையில் இவ்விடயத்தில் என்ன கூறுகிறது என்று நோக்குவது அவசியமாகிறது.

ஹுஸ்னுழ் ழன்னும் ஃபஃலும்

இஸ்லாமிய மரபில் நல்லெண்ணம் என்பது முதலாவதாக அல்லாஹ்வைப் பற்றிய எண்ணமாகும். அடியான் தன்னைப் பற்றி எவ்வாறு எண்ணுகிறானோ அவ்வாறே தான் அவனிடத்தில் இருப்பதாக அல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸீ, புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. இதனையே அறிஞர்கள் ஹுஸ்னுழ் ழன் என்றனர். மேற்குறித்த அமெரிக்க நூல்கள் பெரும்பாலும் மனிதன் தன் ஆற்றலின் மீது வைக்கும் நம்பிக்கையிலிருந்து தொடங்குகின்றன. பீல் கடவுளைப் பற்றிப் பேசினாலும், அவரது நூலில் இறைநம்பிக்கை வெற்றிக்கான ஒரு கருவியாகவே பெரிதும் தோற்றமளிக்கிறது. நம் மரபிலோ காரியம் கைகூடாவிடினும் ஹுஸ்னுழ் ழன் பொய்த்துவிடுவதில்லை. இவ்வேறுபாடு சிறியதன்று.

இரண்டாவது, அன்றாட நிகழ்வுகளை நாம் எவ்வாறு பொருள்கொள்கிறோம் என்பது. அறியாமைக் கால அரபியர் பயணம் புறப்படுமுன் பறவையைக் கலைத்துவிட்டு அது வலப்புறம் பறக்கிறதா இடப்புறம் பறக்கிறதா என்று பார்த்தனர். 'தைர்' எனும் பறவையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே தீய சகுனத்தைச் சுட்டும் 'தியரா' என்ற சொல் பிறந்தது. நபி (ஸல்) அவர்கள் தியராவை முற்றாக மறுத்தார்கள். அதேவேளை ஃபஃலை, அதாவது செவியில் விழும் ஒரு நல்ல சொல்லைக் கொண்டு மனம் மகிழ்வதை விரும்பினார்கள். ஹிஜ்ரி 6இல் (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் பேச்சுவார்த்தைகள் முறிந்து முறிந்து இழுபட்டுக்கொண்டிருந்த வேளையில் குறைஷியரின் தூதராக ஸுஹைல் இப்னு அம்ர் வந்தபோது, எளிமை என்னும் பொருள் தரும் 'ஸஹ்ல்' என்ற வேரிலிருந்து அமைந்த அப்பெயரைக் கேட்டு, காரியம் எளிதாகிவிட்டதென நபியவர்கள் நற்குறி கொண்டார்கள்.

தீய சகுனம், நல்ல சகுனம் இரண்டும் ஒரே வகையானவை அல்லவா என்று வினவலாம். தியரா மனிதனைச் செயலிலிருந்து பின்வாங்கச் செய்கிறது. நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகக் கொண்டு அவனை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஃபஃலோ ஏற்கெனவே மேற்கொண்ட செயலில் அவனுக்கு ஊக்கம் தருகிறது. அது எதையும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. ஸஃபர் மாதத்தைப் பீடை மாதமென ஒதுக்கித் திருமணப் பேச்சையும் புதுமனைக் குடிபுகுதலையும் தள்ளிவைப்பதும், அம்மாதத்தின் இறுதிப் புதனை 'ஒடுக்கத்துப் புதன்' என்று அஞ்சி மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிப்பதும் நம்மிடையே எத்தனை தலைமுறைகளாக இருந்து வந்தன! ஸஃபருக்கு அத்தகைய தன்மை இல்லையென்று நபியவர்கள் கூறியிருக்கும் நிலையில் இது நிகழ்ந்தது. நேர்மறைச் சிந்தனையைப் பற்றிப் பேசும் நம் பேச்சாளர்கள் இதை ஏனோ தொடுவதில்லை.

நாவின் சொல்லுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை விளக்கும் ஒரு நிகழ்ச்சியை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார்கள். காய்ச்சலில் கிடந்த ஒரு முதிய கிராமவாசியை நபியவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். கவலை வேண்டாம், இறைவன் நாடினால் இது தூய்மைப்படுத்தும் என்னும் கருத்தில் ஆறுதல் கூறினார்கள். அம்மனிதரோ அதை ஏற்கவில்லை. இது கொதிக்கும் காய்ச்சல், ஒரு கிழவனைக் கப்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகிறது என்று பதிலுரைத்தார். அப்படியானால் அப்படியே ஆகட்டும் என்று நபியவர்கள் கூறினார்கள். ஈண்டு நோக்கத்தக்கது, நோயாளிக்குச் சொல்லப்பட்டது வெறும் 'நீ குணமாகிவிடுவாய்' என்ற வாக்குறுதியன்று என்பதாகும். நோயிலும் ஒரு பொருள் இருக்கிறது என்பதே அந்த ஆறுதல். குணமானாலும் ஆகாவிட்டாலும் அது செல்லுபடியாகும். அவர் மறுத்தது அந்தப் பொருளைத்தான்.

அழுத கண்களும் அணையாத நம்பிக்கையும்

துயரமும் நம்பிக்கையும் ஒன்றையொன்று விலக்குபவை என்ற கருத்துக்கு ஸூரா யூஸுஃப் இடம் தரவில்லை. அதன் 84ஆம் வசனம் முதல் 87ஆம் வசனம் வரை உள்ள சிறு பகுதி இதற்குப் போதுமானது. யஃகூப் (அலை) அவர்கள் ஒரு மகனை முன்னரே இழந்தவர்கள். இப்போது இன்னொரு மகனும் திரும்பி வரவில்லை. துயரத்தினால் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின. பிள்ளைகளோ, இப்படியே யூஸுஃபை நினைத்து நினைத்து உருக்குலைந்து போவீர்கள் என்று கடிந்துகொள்கின்றனர். நம் காலத்து உறவினர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுவேதான். யஃகூப் (அலை) அவர்கள் தம் துயரத்தை மறைக்கவில்லை, மறுக்கவுமில்லை. அதை அல்லாஹ்விடம் முறையிடுவதாகக் கூறுகின்றார்கள். அதற்கு அடுத்த வசனத்திலேயே, சென்று யூஸுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று கட்டளையிடுகின்றார்கள்.

இங்கு 'தேடுங்கள்' என்பதற்கு அல்குர்ஆன் ஆளும் சொல் புலன்களைக் குறிக்கும் 'ஹிஸ்ஸு' என்ற வேரைச் சேர்ந்தது. கண்ணாலும் காதாலும் துருவித் துருவித் துப்பு அறிவதை அது உணர்த்துகிறது. பார்வை இழந்த ஒருவர் தம் மக்களை நோக்கி இதைச் சொல்கிறார்! நிராகரிப்போருக்குரிய பண்பாக அவ்வசனம் காட்டுவது கண்ணீரையன்று, தேடலைக் கைவிடச் செய்யும் நிராசையை.

நபியவர்களின் மகன் இப்ராஹீம் ஹிஜ்ரி 10இல் குழந்தைப் பருவத்திலேயே காலமானபோது நடந்ததும் இத்தகையதே. நபியவர்களின் கண்கள் கலங்கின. வியப்புற்று வினவிய தோழருக்கு அது இரக்கம் என விளக்கினார்கள். இறைவனுக்கு உவப்பற்ற சொல் மட்டும் நாவிலிருந்து வெளிவரவில்லை. அன்றே சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமின் மரணத்தால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினர். புத்திர சோகத்தில் இருந்த ஒரு தந்தைக்கு அது ஆறுதலான பேச்சாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திரர்களுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். பொய்யான பொருளைக் கொண்டு துயரத்தை ஆற்றிக்கொள்ளவும் அவர்கள் சம்மதிக்கவில்லை.

நம்பிக்கை என்ற பெயரில் வேறு சில மனநிலைகள் உலவுவதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் அச்சமும் ஆதரவும் பற்றிய பகுதியில் ஓர் உழவனின் உவமையால் பிரித்துக் காட்டியுள்ளார்கள். வளமான நிலத்தில் நல்ல விதையிட்டு, நீர் பாய்ச்சி, களை எடுத்து, பின்னர் இறையருளை எதிர்நோக்கி இருப்பவனின் நிலையே 'ரஜா' எனும் மெய்யான எதிர்பார்ப்பு. நீர் ஏறாத உவர்மேட்டில் விதைத்து, பராமரிக்கவும் செய்யாமல், அறுவடைக்குக் காத்திருப்பவன் ஏமாற்றத்தில் இருக்கின்றான். நல்ல நிலத்தில் விதைத்தும் நீருக்கு வழி செய்யாமல், மழை பெய்யும் வழக்கமில்லாத இடத்தில் மழையை எதிர்பார்த்திருப்பவனுடையது வெறும் ஆசை. இன்று விற்பனையாகும் 'எண்ணினால் கிடைக்கும்' என்ற வகை நூல்களை இம்மூன்றில் எதனோடு சேர்ப்பது என்பதை வாசகர் எளிதில் தீர்மானித்துக்கொள்ளலாம்.

அல்-பல்கீயும் அவரது நூலும்

மேற்கண்டவை நல்லெண்ணத்தின் ஆன்மிக அடித்தளம். அந்த மனநிலையை ஒருவர் நாள்தோறும் எவ்வாறு பயிற்சியாக மேற்கொள்வது, அது தவறிவிட்டால் எவ்வாறு மீட்பது என்பதை ஒரு மருத்துவத் துறையாகவே வகுத்து எழுதியவர் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-பல்கீ ஆவார். இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரை அடுத்த ஷாமிஸ்தியான் என்ற சிற்றூரில் கி.பி. 850ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தவர். அவர் தந்தை பள்ளி ஆசிரியர். பக்தாதுக்குச் சென்று எட்டு ஆண்டுகள் அளவில் தங்கிக் கற்றார். மெய்யியலாளர் அல்-கிந்தீ அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். ஊர் திரும்பி ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்தார். புவியியல் வரலாற்றில் 'பல்கீ மரபு' என்று பெயர்பெற்ற வரைபட மரபு இவரிடமிருந்தே தொடங்குகிறது.

அவருடைய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்', அதாவது உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை, நெடுங்காலம் இஸ்தான்புலின் அயாஸோஃபியா கையெழுத்துச் சேகரிப்பில் இருந்து வந்தது. 1984இல் ஃபுஆத் ஸெஸ்கின் பிராங்பர்ட்டிலிருந்து அதை நிழற்படிப் பதிப்பாகக் கொணர்ந்தார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரீ (1932-2021) உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்ட பின்னரே அது பரவலான கவனத்தைப் பெற்றது. நூலின் முதற் பகுதி உடல் பற்றிய 14 அத்தியாயங்களைக் கொண்டது. உள்ளம் பற்றிய இரண்டாம் பகுதியில் 8 அத்தியாயங்கள் உள்ளன. கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகிய நான்குக்கும் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கப்பட்டுள்ளது.

உடலும் உள்ளமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்று நோயுற்றால் மற்றது தாக்கமுறும். அப்படியிருந்தும் மருத்துவர்கள் தம் நூல்களில் உள்ளத்தின் நோய்களை விட்டுவிடுகின்றனர் என்பது அல்-பல்கீயின் குறை. உடல் நோயின்றி நீண்ட காலம் வாழ்பவர் இருக்கலாம், உள்ளத்தின் நோவுகளிலிருந்து தப்பியவர் எவருமில்லை என்பது அவரது கருத்து. அவற்றின் தொகையும் அதிகம், அடிக்கடி வருவதும் அவையே. இந்தத் தொடக்கமே நமக்கு முக்கியமானது. மனக்கலக்கம் சில பலவீனர்களுக்கு மட்டும் நேர்வது என்ற எண்ணத்தை அவர் முதல் அடியிலேயே அகற்றிவிடுகிறார்.

அவர் தரும் அறிவுரைகளுள் முதன்மையானது சேமிப்புப் பற்றியது. முன்யோசனையுள்ளவர் திடீர் நோய்க்கென மருந்துகளை வீட்டில் தயாராக வைத்திருப்பதுபோல், மனம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே நல்ல சிந்தனைகளை ஆக்கித் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கோபமும் அச்சமும் துயரமும் திடீரென மேலெழும்போது சிந்தித்து முடிவுக்கு வரும் ஆற்றல் மனத்துக்கு இருப்பதில்லை. அந்நேரத்தில் புதிதாக எதையும் ஆக்க முடியாது, முன்னரே ஆக்கி வைத்ததை எடுத்துப் பயன்படுத்தத்தான் முடியும். நேர்மறைச் சிந்தனையை இடர் வந்த பின் பிரயோகிக்கும் ஒரு மந்திரமாகக் கருதுவோர் தவறவிடும் இடம் இதுவே. காலை மாலை திக்ருகளும், கவலை, துயரம், இயலாமை, சோம்பல் ஆகியவற்றிலிருந்து பாதுகாவல் தேடி நபியவர்கள் அடிக்கடி ஓதிவந்த துஆவும் இதே ஒழுங்கில் அமைந்தவை என்று கொள்வது பொருந்தும். இடர் வந்த நாளில் மட்டுமன்றி எல்லா நாட்களிலும் அவை ஓதப்படுகின்றன. இறுதிக் கருத்து எனது விளக்கம். அல்-பல்கீ இந்நூலில் மருத்துவராகவே பேசுகின்றார்.

சேமிக்கத்தக்க சிந்தனைகளுள் அவர் முதலிடம் தருவது, உலகத்தின் இயல்பை உள்ளபடி அறிந்து வைப்பதற்கு. விரும்பியதெல்லாம் விரும்பியவாறே, தொல்லை கலவாமல் கிடைக்கும்படி இவ்வுலகம் அமைக்கப்படவில்லை. இதை முன்னரே ஏற்றுக்கொண்டவர் சிறு குறைகளுக்கெல்லாம் நிலைகுலைய மாட்டார். அத்துடன் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தின் தாங்குதிறனை அறிந்து அதற்கேற்ப நோக்கங்களை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். பெரும் பொறுப்புகளைச் சுமக்கும் வலிமை சிலருக்கு இயல்பிலேயே உண்டு, பிறருக்கு அது இல்லை. 'முடியாதது எதுவுமில்லை' என்று முழங்கும் நூல்களைப் படித்துப் பழகிய நமக்கு இது நம்பிக்கையைக் குறைக்கும் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகளை வைத்து நம் குடும்பங்களில் நடப்பதை அறிந்தவர்கள் இதிலுள்ள கருணையை உணர்வர்.

அச்சம் குறித்த அத்தியாயத்தில் ஓர் அழகிய உவமை வருகிறது. பாலைவனத்தில் வளர்ந்த ஒருவன் ஈரப்பதம் மிக்க நாட்டுக்குப் போய் முதன்முறையாக மூடுபனியைக் காண்கின்றான். ஊடுருவ முடியாத திண்மையான பொருளொன்று வழியை அடைத்து நிற்பதாக எண்ணி அஞ்சுகின்றான். உள்ளே நுழைந்ததும் அது தான் சுவாசித்துவந்த காற்றைப் போன்றதே என்று அறிகின்றான். மனிதர் அஞ்சுவனவற்றுள் மிகப் பல இவ்வகையின. ஆகவே அஞ்சும் பொருளை அறிந்துகொள்வதும், அதன் காட்சிக்கும் ஓசைக்கும் மனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குவதும் மருந்தென்பது அவர் முடிவு. இப்படி எழுதியவர் ஒருமுறை ஆற்றைக் கண்டு அஞ்சினார் என்ற சுவையான செய்தியைப் புவியியலாளர் அல்-முகத்தஸீ தருகின்றார். குராஸானின் அமீர் அவரைப் புகாராவுக்கு அழைத்தபோது ஜைஹூன் நதிக்கரை வரை வந்த அல்-பல்கீ, என் தெளிந்த மதிக்காக என்னை அழைத்திருந்தால் அந்த மதியே இந்நதியைக் கடக்க வேண்டாமென்கிறது என்ற கருத்தில் கடிதம் எழுதியனுப்பிவிட்டுப் பல்குக்கே திரும்பிவிட்டாராம்! எல்லா அச்சமும் மூடுபனி அல்லவென்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது போலும்.

துயரத்தை அவர் இரண்டாகப் பகுத்ததே அவரது ஆய்வின் உச்சம் எனலாம். முதல் வகைக்குக் காரணம் தெரியும். அன்புக்குரியவரின் இழப்பு, பொருள் நட்டம், நாடியது கிட்டாமை ஆகியன அவை. இதற்கு இரு வழிகளில் சிகிச்சை உண்டு. பிறருடைய அறிவுரையும் ஆறுதலும் புறவழி, தானே முன்பு சேமித்து வைத்த சிந்தனைகள் அகவழி. இரண்டாம் வகைக்குக் காரணம் தெரிவதில்லை. வெளியே எந்த இழப்பும் இல்லாதிருக்க, இருள் போன்ற ஒரு துயரம் மனிதனைக் கவ்விக்கொண்டு எதிலும் மகிழ்ச்சி காணவிடாமல் செய்கிறது. இதன் வேர் உடலில் உள்ளதென்று அவர் திட்டமாகக் கூறுகின்றார். குருதியில் ஏற்படும் மாசும் மாறுதலும் காரணம் என்பது அக்கால மருத்துவத்தின் மொழி. இன்று அந்த விளக்கம் நிலைபெறவில்லை. ஆனால் அவர் செய்த பாகுபாடு நிலைபெற்றுள்ளது. இவ்வகைத் துயரத்துக்கு முதன்மையாக வேண்டியது உடல் சார்ந்த மருத்துவம், இனிய பேச்சு அதற்குத் துணை.

வஸ்வாஸ் பற்றிய அத்தியாயமும் இத்தகைய நுட்பமுடையது. விரும்பாத எண்ணங்கள் ஓயாமல் எழுந்து மனிதனைத் தன் வேலையிலிருந்தும் இன்பங்களிலிருந்தும் பிரிக்கும் நிலையை அவர் விவரிக்கும் விதத்தை, இன்றைய உளமருத்துவத்தின் நோயறி அளவுகோல்களோடு ஒப்பிட்ட ஆய்வுக் கட்டுரையொன்று 2015இல் மருத்துவ ஆய்விதழொன்றில் வெளிவந்தது. இரண்டும் பெரிதும் ஒத்துப்போவதாக அது கண்டது. ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிகைச் சிகிச்சையோடு அல்-பல்கீயின் முறைக்கு உள்ள ஒற்றுமையை மாலிக் பத்ரீ வலியுறுத்தியுள்ளார். இவ்வொப்பீடுகள் மகிழ்ச்சி தருபவையே. எனினும் 'எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டுபிடித்தோம்' என்ற வழக்கமான பெருமிதத்துக்கு இதையும் ஒரு சான்றாக்கிவிடுவது முறையன்று. அல்-பல்கீ கிரேக்க மருத்துவத்தையும் தம் ஆசிரியரின் மெய்யியலையும் உள்வாங்கியே இதை எழுதினார். துயரத்தை அகற்றுவது குறித்து அல்-கிந்தீ தனியே ஒரு ரிஸாலா எழுதியுள்ளார். அதில் வரும் கப்பற் பயணிகளின் உவமை கிரேக்க ஸ்தோயிக் மரபிலிருந்து வந்தது. அயலாரிடமிருந்து கற்கத் தயங்காத மனம் அன்று இருந்தது. அதையும் நாம் மரபாகப் பெற்றிருக்க வேண்டும்.

பெருமிதத்தைவிட அவசரமானது வேறொன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பல்கில் ஒரு முஸ்லிம் அறிஞர் உடல் சார்ந்ததென்று பிரித்துக் காட்டிய நோயை, இன்றும் நாம் ஈமானின் குறையென்றோ ஜின்னின் பீடிப்பென்றோ பெயரிட்டு, ஓதிப் பார்ப்பவர் வீட்டுக்கும் தர்காவுக்கும் மாறி மாறி அழைத்துச் செல்கிறோம். ஓதிப்பார்த்தலுக்கு நபிவழியில் இடமுண்டு. நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியதும் அதே நபிவழிதான். நீரிழிவுக்கு மருந்துண்பவரை எவரும் தவக்குல் இல்லாதவர் என்பதில்லை. மனச்சோர்வுக்கு மருந்துண்பவரோ அதை உறவினருக்குத் தெரியாமல் மறைத்து உண்ண வேண்டியவராகின்றார். பெண் பிள்ளையானால், திருமணப் பேச்சைக் கருதி, மருத்துவரிடம் செல்வதே தடுக்கப்படுகிறது.

இந்நிலையில் அல்-பல்கீ வஸ்வாஸ் அத்தியாயத்தில் சொல்லும் எளிய யோசனையொன்று நம் வீடுகளுக்கு உடனடியாகப் பயன்படக்கூடியது. இந்நோவு உள்ளவர் தனிமையையும் வேலையின்மையையும் தவிர்க்க வேண்டும் என்கிறார். தனித்திருக்கும் மனம் வேறு எதுவும் கிடைக்காதபோது தன்னையே தின்னத் தொடங்குகிறது. மனிதரோடு கலந்திருப்பதும், கை ஏதேனும் ஒரு பணியில் ஈடுபட்டிருப்பதும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆனால் தனிமையைத் தவிர்க்குமாறு நோயாளியிடம் மட்டும் கூறிப் பயனில்லை. அவரோடு உணவுத்தட்டில் உட்காரவும், மாலையில் பள்ளிவாசல் வரை கூட நடக்கவும், அவர் மௌனமாக இருந்தாலும் பக்கத்தில் அமர்ந்திருக்கவும், குற்றம் சாட்டாத ஒருவர் வேண்டும்.